பழைய பைக்கை அன்றாட வண்டியாக ஓட்டுவது எப்படி?

40, 50 வயதான மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வரலாம். அவை பிறந்த காலத்தில் அந்த வேலைக்குத்தான் பிறந்தன. நடுவழியில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை. பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி அனுப்பும் சின்ன ஸ்விட்ச்) இடைவெளி மூடிக்கொள்வது, எர்த் (பாட்டரிக்கு கரண்ட் திரும்பும் உடல் இணைப்பு) பிடிக்காதது, கிளட்ச் கேபிள் இழை இழையாக அறுவது, டேங்கில் இருந்து துரு இறங்குவது போன்ற சின்ன விஷயங்கள்தான். இவற்றில் பலவும் ஒரு வாரம் முன்பே அடையாளம் காட்டிவிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஸ்பேனரோடு வண்டி பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த அடையாளங்கள் கண்ணில் படும். அந்த ஒரு மணி நேரம் தர மனமில்லை என்றால் பழைய வண்டி அன்றாட ஓட்டத்துக்கு ஒத்துவராது. இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த வண்டி

கறாராகச் சொன்னால் 'வின்டேஜ்' என்ற பெயர் 1915 முதல் 1930 வரை வந்த வண்டிகளுக்குத்தான். பேச்சு வழக்கில் 25, 30 வருடத்தைத் தாண்டிய எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறோம். அன்றாட ஓட்டத்துக்கு 1950களுக்குப் பிந்தைய வண்டி நல்லது. பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் மூன்றும் இன்றைய சாலைக்கு ஓரளவாவது ஈடுகொடுக்கும்.

அழகைவிடப் பாகம் கிடைப்பதைப் பாருங்கள். புல்லட், ஜாவா, யெஸ்டி, டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. இரட்டை சிலிண்டர்கள், 1970களின் ஹோண்டா, யமஹா ஆகியவற்றுக்குப் பாயிண்ட், கேபிள், பிரேக் ஷூ, கேஸ்கெட் இன்றும் புதிதாகவே வருகின்றன. பாயிண்ட் செட்டுக்கே மூன்று மாதம் தேட வேண்டிய அபூர்வ வண்டியை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வண்டியை நீங்கள் போய்ச் சேரும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை கிக்கில் எழுகிறது என்பது நிறையச் சொல்லும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கழுத்து பேரிங் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் எஞ்சின் தண்டு) கடகடவென்று தட்டும் வண்டியை மட்டும், எஞ்சினைப் பிரிக்கத் தயாராக இல்லாதவர் வாங்கக் கூடாது.

கையோடு அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலும் பாகப் பட்டியலும் வேண்டும். கீழே தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

முதலில் நிற்க வேண்டும்

எஞ்சினைத் தொடும் முன் பிரேக்கையும் டயரையும் முடித்துவிடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது. டயர் கட்டை (ட்ரெட்) எவ்வளவு உயரமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். வயதான ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. டயர் மாற்றும்போதே டியூப், ரிம் டேப் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஸ்போக் கம்பிகளைச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும்.

டிரம் பிரேக் மோசம் என்று பலரும் நினைப்பதற்குக் காரணம், அதைச் சரியாகப் பொருத்தாததுதான். சக்கரத்தைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எனவே தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் ஈரம் வைத்தே சொரசொரப்பான எமரி பேப்பரால் தேயுங்கள். கிரீஸோ ஆயிலோ ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பிறகு பொருத்தும் முறை:

1. பிரேக் கேமுக்கு (ஷூக்களை விரிக்கும் துண்டு) சொட்டு கிரீஸ் மட்டும் தடவிச் சக்கரத்தை மாட்டுங்கள். ஆக்ஸில் நட்டை முழுதாக இறுக்க வேண்டாம்.
2. சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் தாமாகவே உட்காரும்.
3. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே ஆக்ஸில் நட்டை இறுக்குங்கள். இன்னொருவர் உதவி வேண்டும்.
4. பிரேக் பிடித்த நிலையில் கேபிளும் டிரம் மேல் இருக்கும் லீவர் கையும் ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்க வேண்டும். லைனிங் தேயத் தேய இந்தக் கோணம் 90 டிகிரியைத் தாண்டிப் போகும், இழுக்கும் பலமும் குறையும். அப்போது அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இரட்டை லீடிங் ஷூ (ஒவ்வொரு ஷூவுக்கும் தனிக் கேம்) உள்ள முன்பிரேக்கில் இரண்டு கேமும் ஒரே நொடியில் தொட வேண்டும். நடுவில் இருக்கும் இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருத்தி அதைக் கொண்டுவரலாம். ஒன்று முந்தினால் பாதி பிரேக்தான் வேலை செய்கிறது.

பாயிண்ட்

வண்டி நாள் தவறாமல் எழுவது இந்த ஒரு பாகத்தின் கையில் இருக்கிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் காயிலில் இருந்து பிளக்குக்குப் பொறி போகிறது. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் ஃபைபர் குதிகால் கேம் மேல் உரசி மெல்ல மெல்லத் தேயும். தேயும்போது இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும். வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும், காலையில் நாலு கிக் கூடுதலாகக் கேட்கும். கடைசியில் ஒரு நாள் பாயிண்ட் திறக்கவே திறக்காது. ஒவ்வொரு நாளும் ஒரு கிக் கூடிக்கொண்டே வந்தால் அது இதன் முன்னறிவிப்பு.

1,500 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். புதிய பாயிண்ட் போட்டால் முதல் 500 கி.மீ.யிலேயே ஒருமுறை, ஏனென்றால் குதிகால் படியும்வரை வேகமாகத் தேயும்.

1. பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் கையாலேயே சுற்றும்.
2. பாயிண்ட் மூடியைத் திறந்து, டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, பாயிண்ட் மிக அகலமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.
3. இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒன்றில் குழி, மற்றதில் மேடு இருந்தால் நைசான எமரியால் சமப்படுத்துங்கள். பிறகு சுத்தமான வெள்ளை அட்டையை நடுவில் விட்டு, பாயிண்டை மூடவிட்டு இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு வராதவரை இழுத்துக்கொண்டே இருங்கள். எமரித் தூள் ஒரு துணுக்கு உள்ளே நின்றாலும் பொறி வராது.
4. லூகாஸ் பாயிண்டுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் இலேசான பிடிப்போடு வழுக்கிப் போக வேண்டும். திருகை இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது தட்டு நகர்வது வழக்கம்.
5. கேம் மேல் அரிசி மணி அளவு கிரீஸ் வையுங்கள். அதிகமானால் சுழலும்போது தெறித்துப் பாயிண்ட் முனையில் படியும்.
6. இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங். வரிசையை மாற்றினால் வைத்த டைமிங் கெட்டுவிடும்.

டைமிங் முன்னால் போனால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் கிணுகிணுக்கும்.

பாயிண்டை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் சீக்கிரமே கருகினால் கண்டென்சரை (பாயிண்ட் முனை கருகாமல் காக்கும் சின்ன மின் பாகம்) சந்தேகப்படுங்கள். இருட்டில் மூடியைத் திறந்து எஞ்சினை ஓட விட்டால் பாயிண்டில் மெல்லிய பொறி இருப்பது இயல்பு. நீலமாகப் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் எந்தக் கண்டென்சரும் வீடு சேரும்வரை கை கொடுக்கும். வெளியே ஒரு நட்டில் எர்த் செய்து, வயரைப் பாயிண்ட் வயரோடு சேர்த்துவிடலாம்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் அதில் சிலவற்றுக்கு பாட்டரி வோல்ட் இறங்கினால் பொறி தடுமாறும். கழற்றிய பாயிண்ட் தட்டை அப்படியே பெட்டியில் வைத்திருங்கள்.

கரண்டும் வெளிச்சமும்

6 வோல்ட் வண்டியின் மங்கலான விளக்குக்கு 6 வோல்ட்டையே குறை சொல்வார்கள். கணக்கு இதுதான்: 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் ஓட வேண்டும். வயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் வீணாவது அதற்கேற்பக் கூடும். இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். ஆகவே முதல் வேலை எர்த். ஹெட்லைட்டில் இருந்து ஃபிரேமுக்கும், எஞ்சினில் இருந்து ஃபிரேமுக்கும், அங்கிருந்து பாட்டரிக்கும் தனித்தனியாக நல்ல கனமான வயர் இழுங்கள். இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் மாட்டுங்கள். பிறகு விளக்கைப் போட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை ஹெட்லைட் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இன்னும் பிடிக்கவில்லை.

ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பாட்டரி 12.6 காட்டும், 6 வோல்ட் பாட்டரி 6.3. எஞ்சின் நடு வேகத்தில் ஓடும்போது 12 வோல்ட்டில் 13.8 முதல் 14.4 வரை, 6 வோல்ட்டில் 7 சுற்றி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரி தண்ணீர் கொதித்துக் காயும்.

பழைய டைனமோ பலவும் 60 வாட்தான் தரும். அதன் மேல் 55, 60 வாட் ஹாலஜன் ஏற்றினால் பாட்டரியில் எதுவும் சேராது. பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் எல்.இ.டி. ஆக்கினால் மிச்சமாகும் கரண்ட் ஹெட்லைட்டுக்குப் போகும். பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். எல்.இ.டி., ரெகுலேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன் எதை வாங்கினாலும் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றி மாட்டினால் அந்த நொடியே எரிந்துவிடும்.

இன்னொன்று, புதியவர்கள் காயிலைக் கருக்குவது பெரும்பாலும் இப்படித்தான்: எஞ்சின் நின்றுவிட்டது, சாவி ஆனிலேயே இருக்கிறது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கொதிக்கும், பாட்டரியும் இறங்கும். வண்டி நின்றால் சாவியைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பெட்ரோல்

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயை இளக்கும், ஃபைபர் டேங்கையும் டேங்கின் உட்பூச்சையும் கரைக்கும், கார்புரேட்டரில் இருக்கும் கார்க் மிதவையின் மேல்பூச்சைத் தின்னும். எத்தனால் தாங்கும் குழாய்க்கும் புது மிதவைக்கும் முதல் மாதத்திலேயே மாறிவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நிறுத்தி வைத்த வண்டியில் அந்தத் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவேற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை விளிம்புவரை நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

எத்தனால் கலப்பால் எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலின் பங்கு சற்றுக் குறைந்துபோகும். பிளக்கின் பீங்கான் நிறம் பார்த்தால் தெரியும்: பிஸ்கட் பழுப்பு நல்லது, கறுப்புக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) ஓர் அளவு கூட்டிப் பாருங்கள். அதற்கு முன்பே, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஏர் எடுக்கிறதா என்று சோதியுங்கள். ஐடிலில் ஓட விட்டு, இணைப்பைச் சுற்றிலும் கார்புரேட்டர் கிளீனரை இலேசாகத் தெளித்தால் சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. சைலன்ஸர் சூடாக இருக்கும்போது அதன் பக்கம் தெளிக்க வேண்டாம்.

ஆபத்தைத் தவிர்க்கும் ஒரு பழக்கம்: நிறுத்தியதும் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரின் ஊசி வால்வில் ஒரு தூசி நின்றாலே ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டி எஞ்சினுக்குள்ளும் தரையிலும் சேரும். காலையில் அதன் மேல் விழும் ஒரு பொறி போதும், வண்டியும் நீங்களும் தீப்பிடிக்க.

பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டிய வால்வு இருக்கைகள் ஈயமில்லாத பெட்ரோலில் நாளடைவில் உள்வாங்கலாம். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம்) தானாகவே குறைந்துகொண்டு வந்தால் அதுதான் காரணம். அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினமான இருக்கை போட்டுக்கொள்ளலாம்; அவசரமில்லை.

ஆயில்

கியர்பாக்ஸில் வெண்கல புஷ் உள்ள வண்டிக்கு ஜி.எல்.-4 ஆயில் ஊற்றுங்கள். ஜி.எல்.-5 ஆயிலில் சேர்க்கும் கந்தகப் பொருள் சில கலவைகளில் வெண்கலத்தை அரிக்கும். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருந்தால் ஜாசோ எம்.ஏ. என்று போட்ட ஆயில். கார் ஆயில் சிலவற்றில் இருக்கும் வழுக்குப் பொருள் கிளட்சை நழுவ வைக்கும்.

இந்த எஞ்சின்கள் பலவற்றில் ஃபில்டர் என்று பேருக்கு ஒரு வலைதான் இருக்கும். எனவே அழுக்கு ஆயிலோடு சுற்றும். 1,500 முதல் 2,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போதே வடியுங்கள்.

தனி ஆயில் டேங்க் உள்ள வண்டியில் ஒரு குழப்பம் உண்டு. சில நாள் நின்றால் டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து எஞ்சின் அடியில் இறங்கிவிடும். காலையில் டேங்கைத் திறந்தால் ஆயில் குறைந்திருக்கும். அதை நம்பி ஊற்றினால், எஞ்சின் ஓடியதும் இறங்கிய ஆயில் திரும்பி வந்து டேங்க் வழிந்து பின்டயரை நனைக்கும். எப்போதும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பாருங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு, மேனுவல் 20க்கு 1 என்றால் லிட்டருக்கு 50 மி.லி., 25க்கு 1 என்றால் 40 மி.லி. கண்ணால் அளக்காமல் அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பெட்ரோலோடுதான் எஞ்சினுக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடி கியரிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ வராது. அவ்வப்போது ஒரு முறுக்குக் கொடுங்கள்.

டேப்பட் இடைவெளியை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு ஃபீலர் கேஜே வேண்டாம்: பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் இருக்கும்போது புஷ் ராடு விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

கிக்கர்

பலத்தால் உதைத்து ஸ்டார்ட் செய்வதாகத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கால் வலிப்பதுதான் மிச்சம். அம்மீட்டரும் (கரண்ட் காட்டும் முள்) டிகம்ப்ரஷரும் (சிலிண்டரின் அமுக்கத்தை வெளியே விடும் லீவர்) உள்ள ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் முறை இப்படி:

1. குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம்.
2. சாவியைத் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாயும்.
3. கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக முட்டும் இடம் வரும். டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்று அழுத்துங்கள். முள் நடுவுக்குத் துள்ளும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.
4. டிகம்ப்ரஷரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விடுங்கள்.
5. உடம்பின் எடையை ஏற்றி, அடிவரை ஒரே நீளமாக உதையுங்கள். அடுத்த அமுக்கம் வர எஞ்சினுக்கு இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஃப்ளைவீல் வேகம் பிடித்து அமுக்கத்தைத் தாண்டும்.

அந்த முள்ளை நன்றாகக் கவனியுங்கள், நோயும் அதிலேயே தெரியும். கிக்கரை அழுத்த அழுத்த முள் இடமும் நடுவுமாக ஆடினால் பாயிண்ட் வேலை செய்கிறது. நடுவிலேயே நின்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது கரண்டே வரவில்லை. இடப்பக்கமே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை.

கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டி உதைக்காதீர்கள். கிக்கர் திருப்பி அடித்தால் அந்த அடி முழுவதும் மூட்டில் இறங்கும்.

சாலையில்

பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் பழைய புல்லட்டிலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பதற்றத்தில் கால் பழைய பழக்கத்துக்கே போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். முதல் இரண்டு வாரம் வெறிச்சோடிய சாலையில் மட்டும் ஓட்டி, திடீரென்று நிறுத்துவதைத் திரும்பத் திரும்பப் பழகுங்கள். இடது கியர் வண்டியும் ஓட்டுபவர் ஏறி உட்காரும் ஒவ்வொரு முறையும் காலால் ஒருமுறை பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

முன்னால் போகும் வண்டிக்கு டிஸ்க்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கும், உங்களுக்கு டிரம். நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம் காயும். நெரிசலில் காற்று படாமல் நீண்ட நேரம் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம்

செயினின் கீழ்ப்பகுதி நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளந்து பாருங்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும், மாறிப் போட்டால் கழன்று பறக்கும். 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு ஆயில், ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போது.

கிளட்ச் லீவரில் கேபிள் முனையின் உருளைக்குக் கிரீஸ் வையுங்கள். அது சுழலாவிட்டால் கேபிள் ஒவ்வொரு முறையும் வளைந்து அதே இடத்தில் அறும். ஓர் இழை தெறித்து நின்றாலே மாற்றுங்கள். புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட விட்டு டேப்பால் கட்டி வைத்தால், வழியில் இரு முனையையும் மாற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும்.

அதிர்வு நட்டுகளைத் தளர்த்தும். சைலன்ஸர், மட்கார்டு, எஞ்சின் மவுன்ட், நம்பர் பிளேட் என்று தொட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வாருங்கள். 1960களின் இறுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும், மி.மீ. ஸ்பேனரை வைத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கும். ஜப்பானிய வண்டியின் நட்சத்திரத் திருகுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராது. ஜிஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை கொண்டதை வாங்குங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: பிளக், பிளக் ஸ்பேனர், பாயிண்ட் செட், கண்டென்சர், ஃபீலர் கேஜ், எமரி, ஃபியூஸ், பல்ப், செயின் பூட்டு, கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், ஒரு முழம் பெட்ரோல் குழாய், ஒரு மீட்டர் வயர், டியூப், டயர் லீவர்.

வழியில் நின்றால்

எப்படி நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் போட்டது மாதிரி சட்டென்று நின்றால் கரண்ட். இருமி இருமி நின்றால் பெட்ரோல். கால் மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறி நின்று, ஆறினதும் மறுபடி ஓடினால் காயிலோ கண்டென்சரோ. ஆனால் அதற்கு முன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டுக் கிளம்பலாம்.

கரண்ட் என்றால் ஃபியூஸ், பாட்டரி முனை, சாவி ஸ்விட்ச் வயர் என்ற வரிசையில் பாருங்கள். அடுத்து பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி, ஹெட்டில் உலோகம் தொட வைத்துக் கிக்கரை அழுத்துங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனருகே பொறி வேண்டாம். நீலப் பொறி வந்தால் கரண்டில் குறையில்லை. வரவில்லை என்றால் வேறு பிளக், பிறகு அட்டையால் பாயிண்ட், பிறகு கண்டென்சர்.

பெட்ரோல் என்றால் கார்புரேட்டரில் இருந்து குழாயைக் கழற்றி, குப்பியில் டேப்பைத் திறங்கள். தாராளமாக விழ வேண்டும். சொட்டினால் டேப்பின் வலை அடைப்பு. நன்றாக விழுந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் அளவு கெடும்; வாயால் ஊதினால் போதும்.

கிளட்ச் கேபிள் அறுந்து, மாற்றுக் கேபிளும் இல்லை என்றால், போக்குவரத்துக் குறைந்த சாலையில் மட்டும் இப்படி வீடு சேரலாம்: நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, இரு காலாலும் வண்டியை உந்தி உருள விட்டு, முதல் கியரை மிதியுங்கள். மேல் கியருக்கு ஆக்ஸிலரேட்டரை விட்ட அதே கணத்தில் லீவரைத் தள்ளுங்கள், தானாக விழும். நிற்க வேண்டிய இடத்தை முன்பே பார்த்து, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.